காலி என்று சொன்ன கார்டில் இருந்த வில்லுப்பாட்டு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். திசையன்விளைப் பக்கத்தில் முப்பது வருடமாக மைக் செட் வைத்திருக்கிறேன். கல்யாண வீடு, கோவில் கொடைத் திருவிழா, கட்சிக் கூட்டம் எல்லாவற்றுக்கும் ஒலிபெருக்கி கட்டுவது தொழில். இதுவரை எந்தப் பத்திரிகைக்கும் எழுதியதில்லை. இப்போது எழுதுவது ஒரு வேண்டுகோளுக்காக. அது புரிய வேண்டுமானால் நடந்ததைச் சொல்லியாக வேண்டும்.

2012-இல் பழைய விலைக்கு ஒரு 8 டிராக் ரெக்கார்டர் வாங்கினேன். டேப் கிடையாது, எஸ்.டி. கார்டில் பதியும். எட்டு மைக் கொடுத்தால் எட்டையும் தனித்தனியாகப் பதிந்து வைக்கும். இதன் அருமை வில்லுப்பாட்டு கேட்டவர்களுக்குத் தெரியும். ஒரே மைக்கில் காசெட் எடுத்தால் குடம் எல்லாவற்றையும் விழுங்கிவிடும், உடுக்கையின் கொஞ்சல் கேட்காது, கதையில் பாதிச் சொல் போய்விடும். தனித்தனியாகப் பதிந்துவிட்டால் பிறகு உட்கார்ந்து குடத்தைக் குறைத்து, குரலைத் தூக்கி, வேண்டியபடி சேர்த்துக்கொள்ளலாம்.

2013 கொடையில் எங்கள் அண்ணாவி இரண்டு இரவு பாடினார். வில்லுப்பாட்டில் முன்னால் இருந்து கதை பாடுகிறவரை அண்ணாவி என்போம். அண்ணாவிக்கு ஒன்று, வில்லுக்கு ஒன்று, குடம், உடுக்கை, தாளம், கட்டை, பின்பாட்டுக்கு இரண்டு என்று எட்டு மைக்கும் சரியாக இருந்தது. இரண்டு இரவும் சேர்த்து ஏறக்குறைய ஐந்து மணி நேரம். 16 ஜிபி கார்டில் கிட்டத்தட்ட 13 ஜிபி நிறைந்தது. ஒரு டிராக்குக்கு நிமிடத்துக்கு 5.3 எம்பி வீதம் எட்டு டிராக்குக்குக் கணக்குப் போட்டால் சரியாக வரும்.

அதில் இரண்டு பகுதியை மட்டும் சேர்த்து சிடி போட்டுக் கொடுத்தேன். அண்ணாவி திண்ணையில் உட்கார்ந்து கண்ணை மூடிக் கேட்டார். மீதியை அடுத்த மாதம், அடுத்த கொடைக்குள் என்று தள்ளிப்போட்டேன். நான்கு கொடை முடிந்தது, பத்துக் கொடை முடிந்தது. 2019-இல் அண்ணாவி காலமானார். அவர் பிள்ளைகள் வெளியூரில் வேறு வேலையில் இருக்கிறார்கள். அவருடைய வில்லுப்பாட்டுச் செட்டும் கலைந்துவிட்டது.

சென்ற வருடம் ஒரு கொடைக்கு முந்தின நாள் மதியம் ரெக்கார்டரைத் தயார் செய்தேன். பெட்டியில் ஒரே மாதிரி இரண்டு கார்டு கிடந்தன. ஒன்றை எடுத்துப் போட்டு ஃபார்மட் கொடுத்தேன். எட்டு மைக்கையும் திறந்து மூன்று நிமிடம் சோதனைப் பதிவும் எடுத்தேன். அப்புறம் பெட்டியைத் துடைக்கும்போது அடியில் ஒரு சின்னக் காகிதம் சுருண்டு கிடந்தது. கார்டில் ஒட்டியிருந்து பசை விட்டு விழுந்தது. "அண்ணாவி 2013" என்று என் கையெழுத்து. மறு கார்டைப் போட்டுப் பார்த்தேன், அதில் போன வருடத்து நாதஸ்வரக் கச்சேரி இருந்தது. அன்றைக்கு நான் சாப்பிடவில்லை.

ஒரு செல்போன் கடையில் கொடுத்துப் பார்த்தேன். கணினியில் மாட்டிவிட்டு, "சோதனைப் பதிவைத் தவிர வேறு ஒன்றும் இல்லை அண்ணாச்சி, காலியாக இருக்கிறது" என்றார். இன்னொரு கடைக்காரர் கார்டைப் போனில் போட்டு ஏதோ ஆப் ஏற்றிப் பார்க்கலாம் என்றார். ஏனோ மனசு கேட்கவில்லை, வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். நான் செய்ததிலேயே சரியான காரியம் அதுதான் என்று பிறகு தெரிந்தது.

என் அக்கா மகள் திருநெல்வேலியில் கணினி வேலையில் இருக்கிறாள். அவளிடம் போனில் சொன்னதும் முதலில் கேட்டது, "மாமா, அதுக்கப்புறம் எதுவும் பதிஞ்சீங்களா?" மூன்று நிமிடம் என்றேன். "இனி அந்தக் கார்டைத் தொடாதீங்க. ஓரத்தில் சின்னப் பூட்டு இருக்கும், அதைக் கீழே தள்ளிவிட்டு எடுத்து வாங்க" என்றாள்.

அவள் எனக்கு விளக்கியதை என் மொழியில் சொல்கிறேன். ரெக்கார்டரில் நான் செய்தது போன்ற சாதாரண ஃபார்மட்டில் பாட்டு அழிவதில்லை. எந்தப் பாட்டு எங்கே இருக்கிறது என்ற பதிவேடுதான் அழிகிறது. பத்திரப் பதிவேட்டைக் கிழித்துப் போட்டால் வயல் எங்கேயும் போய்விடாது. ஆனால் ஆள் இல்லாத இடம் என்று வேறொருவர் வந்து உழுதுவிட்டால் போனது போனதுதான். நான் எடுத்த மூன்று நிமிடச் சோதனை அப்படி உழுத நிலம். போனில் போட்டு ஆப் ஏற்றியிருந்தால் இன்னும் எவ்வளவு உழுதிருப்பேனோ.

கார்டை அவள் நேரடியாகத் திறக்கவே இல்லை. முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை அப்படியே கணினியில் நகல் எடுத்துவிட்டு, கார்டை ஒரு உறையில் போட்டு என்னிடமே கொடுத்துவிட்டாள். மற்ற எல்லா வேலையும் நகலில்தான். போட்டோரெக் என்று ஒரு இலவச மென்பொருள் இருக்கிறது. பதிவேட்டைப் பார்க்காமல், ஒலிக் கோப்பு தொடங்கும் அடையாளத்தை மட்டும் வைத்துத் தேடி எடுக்கும். சாயங்காலத்துக்குள் நிறைய கோப்பு வந்துவிட்டது. சந்தோஷத்தோடு ஒன்றைத் திறந்தோம்.

அதைக் கேட்டபோது எனக்கு நெஞ்சு அடைத்தது. அண்ணாவியின் குரல் ஒரு இமைப்பு நேரம், உடனே குடம், உடனே உடுக்கை, உடனே தாளம், மறுபடி ஒரு சொல்லில் பாதி. பாட்டை அரிவாள்மனையில் நறுக்கிக் கலந்து வைத்தது போல இருந்தது.

அவள் இரண்டு நாள் யோசித்துக் காரணம் கண்டுபிடித்தாள். எட்டு டிராக்கும் ஒரே நேரத்தில் பதிவதால் ரெக்கார்டர் ஒவ்வொன்றுக்கும் ஒரு துண்டு இடமாக முறை வைத்து எழுதியிருக்கிறது. ஒரு துண்டு 32 கேபி. எங்கள் பதிவின் தரத்தில் அது 0.37 நொடி. சீட்டுக்கட்டை எட்டுப் பேருக்குப் போடுவது போல முதல் துண்டு அண்ணாவிக்கு, அடுத்தது வில்லுக்கு, அடுத்தது குடத்துக்கு என்று போய், எட்டு முடிந்ததும் திரும்ப அண்ணாவி. பதிவேடு இருந்தவரை யாருடைய சீட்டு எது என்று அதில் இருந்தது. இப்போது கட்டு மட்டும்தான் மிச்சம். அப்படியானால் முறை வைத்தே திரும்பப் பிரித்துவிடலாம். அவள் ஒரு சின்ன நிரல் எழுதினாள். கிட்டத்தட்ட 3 லட்சத்து 87 ஆயிரம் துண்டுகள். முதலில் கைக்கு வந்த ஒரு கோப்பைப் பிரித்து ஓட்டியதும், "தந்தனத்தோம் என்று சொல்லியே" என்று அண்ணாவி முழுசாக எழுந்தார். நானும் என் அக்காவும் அழுதுவிட்டோம்.

எல்லா இடத்திலும் முறை பிசகாமல் இருக்கவில்லை. சில இடத்தில் ஒரு டிராக்குக்கு இரண்டு துண்டு சேர்ந்தாற்போல விழுந்து, அதற்குப் பிறகு வரிசையே மாறியிருந்தது. அங்கே என் காது உதவியது. மேடையில் எட்டு மைக்கும் பக்கத்தில் பக்கத்தில் இருந்ததால் அண்ணாவியின் மைக்கிலும் குடத்தின் அடி மெலிதாக விழுந்திருக்கும். இரண்டு துண்டைச் சேர்த்து ஓட்டினால், அந்த மெலிந்த அடி தாளம் தப்பாமல் வருகிறதா என்று பார்ப்பேன். தப்பினால் துண்டு தவறு. பதினேழு ஞாயிற்றுக்கிழமை இப்படி உட்கார்ந்தோம்.

இன்னொன்று நான் எதிர்பார்க்காதது. 2013-இல் இரண்டாம் இரவு, முத்துப்பட்டன் கதையில் பொம்மக்காவும் திம்மக்காவும் புலம்பும் இடம் முடிகிற சமயம் கரண்ட் போனது. ஜெனரேட்டர் எடுப்பதற்குள் ரெக்கார்டர் அணைந்துவிட்டது. திரும்பப் போட்டபோது அந்தப் பதிவின் நீளம் பூஜ்யம் என்று காட்டியது. அண்ணாவியிடம் போய்ச் சொன்னேன். "போனது போட்டும் தம்பி, அடுத்த கொடையில பாடுவோம்" என்றார். அடுத்த கொடைகளில் அந்தக் கதையைப் பாடச் சொல்லி யாரும் கேட்கவில்லை. இப்போது துண்டுகளைப் பிரிக்கும்போது அந்தப் புலம்பல் முழுவதும் கிடைத்தது. பதிவை முறையாக நிறுத்தும்போதுதான் ரெக்கார்டர் கோப்பின் தலைப்பில் நீளத்தை எழுதுமாம். கரண்ட் போனதால் எழுதவில்லை, அதனால் பூஜ்யம். பாட்டு பதினோரு வருடமும் கார்டிலேயே இருந்திருக்கிறது. நாங்கள் சரியான நீளத்தை எழுதிக் கொடுத்தவுடன் சாதாரணக் கோப்பு போல ஓடியது.

போனது எது என்று சொல்கிறேன். முதல் இரவின் முதல் மூன்று நிமிடம். கார்டின் தொடக்கத்தில் இருந்தது அதுதான், என் சோதனைப் பதிவு போய் உட்கார்ந்ததும் அங்கேதான். மூன்று நிமிடத்துக்கு மூன்று நிமிடம், எட்டு டிராக்கிலும் போய்விட்டது. காப்பு என்கிற கடவுள் வாழ்த்தும், குருவை வணங்கும் குருவடியின் பெரும்பகுதியும் அதில் இருந்தன. குருவடியில்தான் அண்ணாவி தனக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்தவர், அவருக்குச் சொல்லிக்கொடுத்தவர் என்று ஊரும் பேருமாகப் பாடுவார். கதைகளை வேறு அண்ணாவிகளும் பாடுகிறார்கள். அந்த வரிசை அவர் வாயில் மட்டும்தான் இருந்தது. எத்தனையோ கொடையில் அதைக் கேட்டிருக்க வேண்டியவன் நான். ஆனால் பாட்டு ஆரம்பிக்கும் நேரம் மைக் செட்காரனுக்கு ஆம்ப்ளிஃபயர் பக்கம்தான் வேலை. எந்த ஹார்ன் அடைக்கிறது, எந்த வயர் விட்டிருக்கிறது என்று ஓடிக்கொண்டிருப்பேன். பின்பாட்டு பாடியவர் ஒருவர் இன்னும் இருக்கிறார். அவரிடம் கேட்டேன். இரண்டு தலைமுறை சொன்னார். அதற்கு மேல் அவருக்கு வரவில்லை.

என்னைப் போன்றவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். 1992-இல் வந்த அடாட் என்ற இயந்திரம் எஸ்-விஎச்எஸ் வீடியோ டேப்பில் 8 டிராக் பதியும், ஒரு டேப்பில் சுமார் 40 நிமிடம். பார்த்தால் கல்யாண வீடியோ காசெட் மாதிரியே இருக்கும், அப்படி நினைத்தே குப்பையில் போட்டுவிடுவார்கள். அதற்குப் பிறகு ஹார்ட் டிஸ்க்கில் பதியும் பெட்டிகள் வந்தன. அவற்றில் பலவற்றுக்குத் தனிக் கோப்பு முறை. டிஸ்க்கைக் கழற்றிக் கணினியில் மாட்டினால் கணினிக்குப் புரியாமல், ஃபார்மட் செய்யவா என்று கேட்கும். தயவுசெய்து சரி என்று அழுத்தாதீர்கள். பக்திப் பாடல், நாட்டுப்புறப் பாடல் பதிந்த சின்ன ஸ்டூடியோக்கள் எத்தனையோ மூடிவிட்டன. அந்தப் பெட்டிகள் பழைய இரும்புக் கடைக்குப் போவதற்குள் யாராவது திறந்து பார்க்க வேண்டும். புதிய கணினிகளில் உள்ள எஸ்.எஸ்.டி. என்ற சுழலாத டிஸ்க்கில் அழித்தால் அதுவே உள்ளே துடைத்துவிடும், அங்கே நம்பிக்கை குறைவு. பழைய டிஸ்க்கிலும் கார்டிலும் நம்பிக்கை உண்டு.

பல மாவட்டங்களில் அரசு இசைப்பள்ளி இருக்கிறது. அங்கே ஒரு கணினியும், இந்த மாதிரி கார்டையும் டிஸ்க்கையும் நகல் எடுக்கத் தெரிந்த ஒருவரும் இருந்தால் போதும். எனக்கு அக்கா மகள் இருந்தாள். எல்லோருக்கும் இருக்க மாட்டாள். மீட்டதை எட்டு டிராக்கும் தனித்தனியாக மூன்று ஹார்ட் டிஸ்க்கில் போட்டு, ஒன்றை அண்ணாவியின் வீட்டில் கொடுத்துவிட்டேன். ஒரு பிரதியைப் பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் துறைக்குக் கொடுக்க அவர் பிள்ளைகள் சம்மதித்திருக்கிறார்கள்.

இனி என் வேண்டுகோள். திசையன்விளை, உவரி, சாத்தான்குளம், உடன்குடிப் பக்கத்துக் கொடைகளில் 2019-க்கு முன் வில்லுப்பாட்டைக் காசெட்டிலோ செல்போனிலோ பதிந்தவர்கள் இருந்தால், அதைத் தேடி எடுத்து முதல் பத்து நிமிடத்தைப் போட்டுக் கேளுங்கள். பெரும்பாலும் சாமியாட்டம் வரும்போதுதான் எல்லோரும் போனைத் தூக்குவார்கள். எனக்கு வேண்டியது ஆரம்பம், காப்பும் குருவடியும். இரைச்சலாக இருக்கலாம், குடம் மட்டும் ஓங்கிக் கேட்கலாம், பாதியில் நின்றிருக்கலாம். எதுவானாலும் உங்கள் அலுவலகத்துக்கு எழுதினால் எனக்குத் தெரிவிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். பாடியவர் யார் என்று எழுதியிருக்க வேண்டியதில்லை. அண்ணாவியின் குரல் எனக்குத் தெரியும்.

இப்படிக்கு,
ஒரு மைக் செட்காரர்,
திசையன்விளை