பன்றிக்குக் கட்டின சுருக்கில சிறுத்தை

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

உங்கட பேப்பரில பன்றித் தொல்லையைப் பற்றி அரைப் பக்கம் போட்டிருந்தியள், சிறுத்தையைப் பற்றி ஒரு வரியும் இல்ல, அதுதான் எழுதுறன்.

நான் ஒட்டுசுட்டான் பக்கம் வயல் செய்யிறவன். நெல்லு குடலைக்கு வரேக்க பன்றி இறங்கினா திங்கிறது கொஞ்சம் உழக்கிறதுதான் கூட, விடியப் போய்ப் பாத்தா வரம்பு கிண்டிக் கிடக்கும், சப்பித் துப்பின தண்டு முழுக்கக் கிடக்கும். கோவம் வரும்தான். அதுக்கு எங்கட ஆக்கள் மோட்டார் சைக்கிள் கிளச் கேபிளை எடுத்துப் பன்றி வாற தடத்தில சுருக்குக் கட்டினம். அதே தடத்தாலதானே சிறுத்தையும் வரும், இடுப்பில இறுகினா இழுக்க இழுக்க வெட்டும். 2020இல மலையகத்தில நல்லதண்ணிப் பக்கம் ஒரு கருஞ்சிறுத்தை செத்ததும் சுருக்கில மாட்டித்தான்.

இலங்கைக் காட்டில சிங்கமும் இல்ல வேங்கையும் இல்ல, உச்சியில இருக்கிறது சிறுத்தை ஒண்டுதான். வளந்தது ஆயிரத்துக்கும் குறைவு எண்டு சொல்லுகினம். புல்லைத் திண்டு மானுக்குச் சேருற சத்தில பத்தில ஒரு பங்கு அளவுதான் மானைத் திண்டதுக்குப் போகும், அதால மேல இருக்கிறது எப்பவும் கொஞ்சம்தான், ஒண்டு போனா லேசில ஈடு வராது. பன்றி அப்பிடியில்ல, ஒரு ஈத்திலயே நாலைஞ்சு குட்டி! பெரிய ஆண் பன்றியோட சிறுத்தை லேசில மோதாது எண்டது உண்மைதான், ஆனா குட்டியளைப் பிடிக்கும், மானையும் குரங்கையும் பிடிக்கும், பிடிக்காட்டியும் அந்தப் பயத்திலயே மான் ஒரு இடத்தில நிண்டு குருத்து முழுக்க மேயாது.

அமெரிக்காவில யெல்லோஸ்டோன் காட்டில 1920களில ஓநாயை அழிச்சுப் போட்டினம், பிறகு எல்க் மான் பெருகி ஆத்தங்கரை வில்லோ மரமெல்லாம் தலையெடுக்கேல்ல, 1995இல கனடாவில இருந்து ஓநாய் கொண்டுவந்து விட வேண்டிப் போச்சு. முழுக்க ஓநாயாலதான் காடு திருந்தினதோ எண்டு ஆராய்ச்சிக்காரர் இப்பவும் பிடுங்குப்படுகினம், அது வேற கதை.

2018இல கிளிநொச்சி அம்பாள்குளத்தில சிறுத்தையை அடிச்சுக் கொன்றதை எல்லாரும் போனில பாத்தம். அது கடிச்சுக் காயப்பட்ட ஆக்களைக் குறை சொல்ல மாட்டன். ஆனா 2025 பங்குனியில பயிரழிக்கிற குரங்கு மயில் எல்லாம் எண்ணின அரசாங்கம், சுருக்கையும் ஒருக்கா எண்ணிப் பாக்கலாமே? காட்டுக்கரை வயலுக்கு மின்வேலிக்கு மானியம் தரட்டும், கண்டு மாடு சிறுத்தையிட்டப் போனா அந்த மாசத்திலயே நட்டஈடு தரட்டும், பிறகு ஆர் கேபிள் கட்டப் போறான்?

இப்படிக்கு,
ஒட்டுசுட்டான் விவசாயி ஒருவர்