வெங்காயக் கணக்குக் கொப்பி: தம்பிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தம்பி,

போன கிழமை உன் மகன் நான் வேலை செய்கிற கூட்டுறவுச் சங்கக் கடைக்கு வந்தான். சீனி வாங்க வந்தவன் வாங்கிக்கொண்டு போகவில்லை. மேசைக்கு முன்னால் நின்று பையின் காதைத் திருகிக்கொண்டே கேட்டான்: "மாமி, அப்பா முந்தி சோம்பேறியா இருந்தவரே?"

உனக்கு ஆர் அப்படிச் சொன்னது என்று கேட்டேன்.

"அப்பாதான் சொன்னவர். தான் ஒழுங்கா உழைச்சிருந்தா தோட்டம் கையை விட்டுப் போயிராதாம். அதாலை என்னை இப்பவே கஷ்டப்பட்டுப் படிக்கட்டாம்."

அவனை அனுப்பிவிட்டு இருந்தேன். அன்று பின்னேரம் முழுக்க ஒரு பக்கத்தைக்கூட என்னால் கூட்டி முடிக்க முடியவில்லை. இதை உன்னிடம் நேரே சொல்ல வந்தால் "விடுங்கோ அக்கா" என்று சொல்லி எழும்பிப் போய்விடுவாய். அதனால் எழுதுகிறேன். எல்லாரும் வாசிக்கிற இடத்தில் எழுதுவதற்கும் காரணம் இருக்கிறது. உன்னைப் போலத் தன்னையே குற்றம் சொல்லிக்கொண்டு திரிகிற ஆட்கள் யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் ஒழுங்கைக்கு ஒழுங்கை இருக்கிறார்கள். சங்க மேசைக்கு இந்தப் பக்கம் இருந்து நான் அவர்களை நாளும் பார்க்கிறேன்.

கமக்காரர் அமைப்பின் கூட்டத்தில் வெளியூரில் இருந்து வந்த ஒருவர் பேசியது நினைவிருக்கிறதா? "உழைச்சவன் ஒருநாளும் தோத்ததில்லை" என்றார். எல்லாரும் கை தட்டினார்கள். நீயும் தட்டினாய், தலையைக் குனிந்துகொண்டு. நான் பெண்கள் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். எழும்பி ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அதுவும் சேர்த்துத்தான் இந்தக் கடிதம்.

அப்பாவின் வீட்டில் இருந்து தொடங்குகிறேன்.

முகப்பில் சீமெந்தில் 1975 என்று எழுதியிருக்கிறதே, அதைக் காட்டி அப்பா எத்தனை தரம் சொல்லியிருப்பார்: "இது நான் வெங்காயம் செய்து கட்டின வீடு. என்ரை உழைப்பு." நாமிருவரும் அதைக் கேட்டே வளர்ந்தோம். அப்பா உழைத்தார் என்பதில் சந்தேகமில்லை. கிணற்றில் தண்ணீர் இறைக்கத் துலா மிதித்த கால் அது. ஆனால் 1970 முதல் 1977 வரை சிறிமாவோ பண்டாரநாயக்கவின் அரசாங்கம் வெளியில் இருந்து வெங்காயமும் மிளகாயும் வருவதைத் தடுத்து வைத்திருந்தது. நாடு முழுக்கச் சமைக்கிற வெங்காயத்துக்குப் பெரும்பாலும் யாழ்ப்பாணத்துச் செம்மண்ணைத்தான் பார்க்க வேண்டியிருந்தது. ஓலை வீடுகள் கல்வீடுகளானது அந்த ஏழு வருடத்தில். 1977இல் ஜே.ஆர். ஜெயவர்தன வந்தார், இறக்குமதியைத் திறந்துவிட்டார், விலை விழுந்தது.

இனிப் பின்னறையைப் பார். 1978இல் சுவர் எழுப்பியது, இன்றுவரை பூச்சுப் பூசவில்லை. அப்பா 1978இல் சோம்பேறி ஆகிவிட்டாரா? அதே கை, அதே கிணறு, அதே விடியப்புறம். முன் வீட்டைக் கட்டிய உழைப்பால் ஏன் பின்னறைக்குப் பூச்சுப் பூச முடியவில்லை என்று அப்பா ஒருநாளும் தன்னைக் கேட்டதில்லை. நாமும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நீ இப்படித் தலை குனிந்து நடக்க மாட்டாய் என்று இப்போது தோன்றுகிறது.

உன் கணக்குக்கு வருகிறேன். 2021 மாரிப் போகத்துக்கு எட்டுப் பரப்பு, அதாவது அரை ஏக்கர், வெங்காயம் நட்டாய். உன் செலவை எழுதி வைத்தது நான். நீ சொல்லச் சொல்ல நீலக் கொப்பியில் எழுதினேன். விதை வெங்காயம் ஏழு அந்தர் (ஒரு அந்தர் ஐம்பது கிலோ அளவு), 126,000 ரூபா. அந்த வருடம் மே மாதத்தில்தான் இரசாயனப் பசளையும் பூச்சிமருந்தும் இறக்குமதி செய்யக்கூடாது என்று அரசாங்க வர்த்தமானி அறிவித்தல் வந்தது. நவம்பர் கடைசியில் தடையை எடுத்தார்கள். எடுத்து என்ன, கடையில் பசளை இல்லை. முன்பு 1,500 ரூபாவுக்கு வாங்கிய யூரியா மூடையை நீ 14,000 கொடுத்து வாங்கினாய், அதுவும் ஒன்றே ஒன்று. மாட்டெரு தேடி மூன்று ஊர் அலைந்தாய். வெங்காயத்தாள் மஞ்சளடித்தபோது இரவில் ரோச் லைற்றோடு பாத்தி பாத்தியாகக் குந்தியிருந்தாய். சாப்பாட்டைத் தூக்குச்சட்டியில் கொண்டுவந்து வரம்பில் வைத்துவிட்டு உன்னைக் கூப்பிட்டேன். நீ திரும்பவில்லை. ஒரு தாளைக் கிள்ளி விரலிடுக்கில் உருட்டிக்கொண்டிருந்தாய்.

நல்ல வருடத்தில் அறுபது அந்தர் கண்ட நிலம் இருபத்தாறு தந்தது. சந்தையில் வழக்கம் போல நிறையில் பத்து வீதம் கழிவு வெட்டினார்கள். கைக்கு வந்தது 175,500. விதை, பசளை, நடுகைக் கூலி, கிண்டுகைக் கூலி, இறைப்பு எல்லாம் சேர்ந்த செலவு 240,000க்கு மேல். உன் உடம்பின் கூலியை நாம் எழுதவே இல்லை. அந்தக் கொப்பியில் உனக்கென்று ஒரு நிரல் கிடையாது.

பிறகு வந்த மாதங்களைத் திரும்பச் சொல்ல எனக்கே மனமில்லை. 2022 மார்ச்சில் ரூபாவை மிதக்கவிட்டார்கள். 200 ரூபாவுக்குக் கிட்ட இருந்த டொலர் இரண்டு மாதத்தில் 360ஐத் தொட்டது. மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லை. ஏப்ரல் 12ஆம் திகதி வெளிநாட்டுக் கடனை இனிக் கட்ட முடியாது என்று நாடே கையை விரித்தது. நாடு கை விரித்தபோது பேச வட்டமேசை போட்டார்கள். உன்னிடம் நகை அடைவுக்கு வட்டி கேட்டவர்கள் ஒரு நாளும் பொறுக்கவில்லை.

சங்கத்து மண்ணெண்ணெய் வரிசை இன்னும் என் கண்ணில் நிற்கிறது. ஆட்கள் நின்று களைத்துப்போய்க் கான்களை வரிசையில் விட்டிருந்தார்கள். கான் காற்றில் பறக்காமல் உள்ளே கல், காதுக்குள் கயிறு. உன் மஞ்சள் கானில் நீலப் பெயின்றால் நம் வீட்டுப் பெயர். பவுசர் வந்த நாளில் எங்கள் சங்கத்தில் ஒரு அட்டைக்கு ஐந்து லீற்றர்தான் கொடுத்தோம். உனக்கு ஒரு லீற்றர் கூடக் கொடுக்கச் சொல்லி என் மனம் அடித்துக்கொண்டது. உனக்குப் பின்னால் கைக்குழந்தையோடு ஒரு பிள்ளை நின்றாள். நான் ஐந்துதான் அளந்தேன். நீ ஒன்றும் பேசாமல் மூடியை இறுக்கிக்கொண்டு போனாய். உன் இறைப்பு மெசினுக்கு ஐந்து லீற்றர் என்றால் எட்டுப் பரப்புக்கு ஒரு இறைப்பு. அடுத்த இறைப்புக்குள் அடுத்த பவுசர் வந்தால் பயிர் தப்பும்.

ஓகஸ்ட் மாதம் ஒரே இரவில் மண்ணெண்ணெய் 87 ரூபாவில் இருந்து 340 ஆனது. கடலுக்குப் போகிறவர்கள் படகைக் கரையில் ஏற்றி வைத்தார்கள். நீ கொப்பியைக் கொண்டுவரச் சொன்னாய். ஒரு போகத்துக்கு நூறு லீற்றர். 8,700 இருந்த இடத்தில் 34,000 என்று நான் எழுதினேன். அதைப் பார்த்துவிட்டு நீ கேட்டது, "அக்கா, நான் இனி இன்னும் எவ்வளவு நேரத்துக்கு எழும்பலாம்?" நாலு மணிக்கு எழும்புகிறவன் நீ. மூன்று மணிக்கு எழும்பினால் இந்த 25,300 ரூபா வந்துவிடுமா என்றுதான் உன் மனம் கணக்குப் போட்டது. அப்போது எனக்குப் பதில் வரவில்லை. இப்போது சொல்கிறேன்: நீ படுக்காமலே இருந்திருந்தாலும் வந்திருக்காது.

வடக்குத் தோட்டத்து அண்ணையைப் பற்றியும் எழுதத்தான் வேண்டும். கூட்டத்தில் அவருக்குத்தான் பொன்னாடை போர்த்தினார்கள். அவர்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. நல்ல உழைப்பாளி. உன் மெசின் எண்ணெய் இல்லாமல் நின்ற நாளில் கேட்காமலே இரண்டு கான் கொண்டுவந்து வேலியோரம் வைத்துவிட்டுப் போன மனிதர். ஆனால் அவருடைய தமையன் சுவிஸில் இருக்கிறார். மாதம் 500 பிராங்க் அனுப்புவார். அது 2022 தொடக்கத்தில் இங்கே 110,000 ரூபா அளவில் இருந்தது, வைகாசியில் 180,000 ஆகிவிட்டது. உன்னை விழுத்திய அதே ரூபா வீழ்ச்சி அவரைத் தூக்கி நிறுத்தியது. பசளை என்ன விலை விற்றாலும் வாங்கினார், அடுத்த வருடம் சூரிய சக்தியில் இறைக்கிற பம்ப் போட்டார். வேலிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே செம்மண், ஒரே நேரத்தில் எழும்பிய இரண்டு பேர். இதை அவரே என்னிடம் சொன்னார், பொன்னாடையை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு: "தங்கச்சி, அண்ணர் இல்லாட்டி நானும் உங்கடை தம்பி மாதிரித்தான்." மேடையில் பேசியவருக்கு இது தெரியாது. வெற்றி பெற்றவர் முன்னால் நின்றார், அவர் கையில் காய்ப்பு இருந்தது, பேச வந்தவர் இரண்டையும் சேர்த்துப் பேசிவிட்டுப் போனார்.

ஒரு நாட்டில் ஒரு வருடத்துக்குள் ஏழைகள் இரண்டு மடங்கானார்கள் என்றால் அந்த மக்களுக்கு ஒரே வருடத்தில் உடம்பு வணங்காமல் போய்விட்டதா? உலக வங்கியின் கணக்கில் 2021இல் இலங்கையில் நூற்றுக்கு 13 பேர் வறுமையில் இருந்தார்கள். 2022இல் 25 பேர். அந்த வருடம் செப்டெம்பரில் கொழும்பு விலைச்சுட்டியின்படி சாப்பாட்டுச் சாமான்களின் விலை முந்திய வருடத்தைவிட 95 வீதம் அளவில் கூடியிருந்தது. மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வேலை தேடி நாட்டை விட்டுப் போனார்கள். உழைக்கப் பஞ்சிப்படுகிறவன் நகையை விற்று விமானம் ஏறுவானா?

காரணம் யார் என்று நான் மட்டும் சொல்லவில்லை. 2023 நவம்பரில் உச்ச நீதிமன்றம் கோட்டாபய, மகிந்த, பசில் ராஜபக்ச சகோதரர்களையும் மத்திய வங்கியின் முன்னாள் ஆளுநர்கள் இருவரையும் வேறு சிலரையும் பெயர் சொல்லி, இவர்கள் மக்கள் வைத்த நம்பிக்கையை மீறினார்கள் என்று தீர்ப்பளித்தது. வரியைக் குறைத்தது, டொலர் தீரும்வரை பார்த்துக்கொண்டிருந்தது எல்லாம் அந்த வழக்கில் வந்தது. நாட்டின் பெரிய நீதிமன்றம் எழுதி வைத்த அந்தப் பெயர்களில் உன் பெயர் இல்லையடா. நீ ஏன் அதை உன் வீட்டுக்குள் கொண்டுவந்து, உன் மகனுக்கு முன்னால் உன் தலையில் போட்டுக்கொள்கிறாய்?

உழைப்பு ஒன்றுக்கும் உதவாது என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதே. 2020 டிசம்பரில் புரெவிப் புயல் அடித்த இரவு நீ சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு மண்வெட்டியோடு போனாய். விடிய நான் வந்து பார்த்தபோது தோட்டத்தின் மேற்குப் பக்கம் முழுக்க வடிகால் வெட்டி, முழங்கால் தண்ணீரை ஒழுங்கைக்கு இறக்கியிருந்தாய். பாதிப் பயிர் தப்பியது. உன் மண்வெட்டியால்தான் தப்பியது, வேறு யாராலும் அல்ல. படுத்திருந்தவர்களுக்கு முழுதாகப் போனது. தண்ணீரோடு மல்லுக்கட்ட மண்வெட்டி போதும். வர்த்தமானியோடும் டொலரோடும் வட்டியோடும் மல்லுக்கட்ட வேறு சாமான் வேண்டும்: விளைவு போன வருடத்தில் கை கொடுக்கிற காப்புறுதி, கழிவு வெட்டாத சந்தை, அறுவடை நேரத்தில் வெளி வெங்காயத்தை இறக்காத ஒரு கொள்கை, கடனைத் தவணை மாற்றித் தருகிற ஒரு வங்கி. இவற்றில் ஒன்றாவது உனக்கு இருந்திருந்தால் மனைவியின் தாலிக்கொடி அடைவில் மூழ்கியிருக்காது. ஒவ்வொரு முறை அடைவைத் திருப்பி வைத்தபோதும் வட்டி ஏறியிருந்தது. அந்தச் சிட்டைகளும் கொப்பிக்குள்தான் இருக்கின்றன.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், உனக்கு நோகும் என்று தெரிந்தும். 2023 டிசம்பரில் இந்தியா வெங்காய ஏற்றுமதியை நிறுத்தியது. அடுத்த மாதங்களில் இங்கே வெங்காய விலை எகிறியது. அந்தப் போகம் நட்டவர்கள் கடனை அடைத்தார்கள். நீ அதற்கு முதல் வருடம்தான் நிலத்தைக் குத்தகைக்குக் கொடுத்திருந்தாய். இந்தியாவில் வெங்காயம் விளைகிற நாசிக்கில் மழை பொய்க்கும், டெல்லியில் ஒரு கையெழுத்து விழும் என்று இங்கே ஆருக்குத் தெரியும்? நட்டவர்களுக்கும் தெரியாது. தெரிந்து நட்டவர்கள் போல இப்போது சிலர் கதைக்கிறார்கள், அதைக் கேட்டு நீ வந்து என்னிடம் "எனக்குப் புத்தி காணாது" என்றாய்.

இன்றைக்கும் நீ நாலு மணிக்குத்தான் எழும்புகிறாய். அதே கிணற்றடியில் வேறொருவரின் பாத்திகளுக்குத் தண்ணி மாறுகிறாய். நாட்கூலி பின்னேரமே கைக்கு வருகிறது. உன் உழைப்பில் ஒரு துளியும் கூடவுமில்லை, குறையவுமில்லை. விளைவு போனால் இழப்பு இப்போது உன் தலையில் இல்லை, அவ்வளவுதான் மாறியது.

பொடியன் படிக்கட்டும். நன்றாகப் படிக்கட்டும். ஆனால் தகப்பன் சோம்பேறி என்ற பொய்யைப் படித்துக்கொண்டு அவன் வளரக்கூடாது. நாளைக்கு அவன் பட்டத்தோடு வெளியே வருகிற வருடம் நாட்டுக்குக் கெட்ட வருடமாக இருக்கலாம். வேலை கிடைக்காமல் கதவைச் சாத்திக்கொண்டு அறைக்குள் கிடக்கும்போது அவனும் உன்னைப் போல, "நான் காணாது" என்று சொல்லத் தொடங்கினால் நாமிருவரும் எப்படித் தாங்குவது?

நீலக் கொப்பி என்னிடம் பத்திரமாக இருக்கிறது. வாற ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் கொண்டுவருகிறேன். பொடியனை எங்கேயும் அனுப்பாமல் மறித்து வை. கணக்கில் கெட்டிக்காரன், அவனையே கூட்டிப் பார்க்கச் சொல்லுவோம். பக்கத்தில் ஒரு நிரலுக்கு இடம் இருக்கிறது. எத்தனை நாள், எத்தனை மணிக்கு எழும்பினாய் என்று நீ சொல்லு, அவன் எழுதட்டும்.

அன்புடன்,
அக்கா