நாலாவது எச்எல் எதற்கு, கண்ணு?

அன்புள்ள பாப்பாவுக்கு,

ஐபி என்ற சர்வதேச டிப்ளமா படிப்புக்கு, நாலு பாடத்தை எச்எல்லில், அதாவது உயர்நிலையில், போட்டு நீ அனுப்பிய பாடத் தேர்வுப் படிவம் வந்து நாலு நாள் ஆகிறது, இன்னும் கையெழுத்துப் போடவில்லை. கோபமெல்லாம் இல்லை. உன் பள்ளிக் கையேட்டை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை பென்சிலும் கையுமாகப் படித்துக்கொண்டிருந்தேன். உன் அண்ணன் அங்கே படித்தபோதே இதைச் செய்திருக்க வேண்டும்.

உனக்கு அப்போது சின்ன வயசு, அந்தக் கதையை முழுதாகச் சொன்னதில்லை. மே மாதக் கடைசியில் பட்டமளிப்பு விழா. மேடையில் பெயர் சொல்லிக் கூப்பிட்டுச் சுருட்டிய காகிதம் ஒன்றைக் கையில் கொடுத்தார்கள், எல்லோரும் தொப்பியைத் தூக்கிப் போட்டார்கள், நானும் அப்பாவும் அழுதோம், படிப்பு முடிந்தது என்று நினைத்துக்கொண்டு வீடு திரும்பினோம். ஜூலை முதல் வாரம் ஐபி முடிவு வந்தது. மொத்தம் 45-க்கு 28 பாயிண்ட். டிப்ளமா இல்லை. எங்கேயோ தவறாகப் போட்டுவிட்டார்கள் என்று அப்பா இரண்டு நாள் சொல்லிக்கொண்டே இருந்தார், ஏனென்றால் 24 வாங்கினால் போதும் என்பது எங்களுக்கு அவ்வளவு மனப்பாடம்.

தவறு எதுவும் இல்லை. மூன்று எச்எல் பாடங்களிலும் சேர்த்துக் குறைந்தது 12 வாங்க வேண்டும் என்று தனியாக ஒரு விதி இருக்கிறது. அவன் வாங்கியது, ஒவ்வொன்றும் 7-க்கு, 5, 3, 3. எஸ்எல் என்ற சாதாரண நிலைப் பாடங்களில் 16, டிஓகேயும் எஸ்ஸேயும் சேர்ந்த கோரில் 1 என்று மற்றதெல்லாம் தாராளமாக இருந்தும், எச்எல்லில் அந்த ஒரு பாயிண்ட் இல்லை. நவம்பர் தேர்வில் இயற்பியலை மட்டும் மறுபடி எழுதினான், 4 வந்தது, ஜனவரியில் டிப்ளமா கைக்கு வந்தது. ஆனால் அதற்குள் அவனுடைய சிநேகிதர்கள் எல்லோரும் கல்லூரிக்குப் போய்விட்டார்கள். அந்த மாதங்களில் அவன் அறைக் கதவு எப்போதும் சாத்தியே இருந்தது, அதுதான் எனக்கு ஞாபகம்.

அப்படியென்றால் மேடையில் கொடுத்தது என்ன என்று நீ கேட்பாய். அது பள்ளியின் டிப்ளமா. உங்கள் பள்ளியில் 9-ஆம் வகுப்பிலிருந்து நாலு வருடத்தில் 24 கிரெடிட் சேர்த்தால் அது கிடைக்கும். ஒரு வருடப் பாடத்தில் ஒழுங்காக உட்கார்ந்து தேறினால் ஒரு கிரெடிட், அரை வருடப் பாடத்துக்கு அரை. கொடுப்பது உன் ஆசிரியர்கள். ஐபி டிப்ளமா வெளியிலிருந்து வருவது; உன் முகத்தையே பார்க்காத ஒருவர் எங்கேயோ உட்கார்ந்து உன் தேர்வுத்தாளைத் திருத்துகிறார். முதலாவது இருந்தும் இரண்டாவது இல்லாமல் போகலாம். இரண்டிலும் 24 என்ற எண் வந்து தொலைத்ததில் நாங்கள் குழம்பிப்போனோம். கூட்டத்தில் விளக்கத்தான் செய்தார்கள், எங்கள் காதில் எண் மட்டும்தான் விழுந்தது.

அதனால் 45-க்கு எவ்வளவு வாங்குவேன் என்று எனக்கு எழுதாதே. எங்கெங்கே தடுக்கும் என்பதை முதலில் தெரிந்துகொள். எந்தப் பாடத்திலும் 1 வரக் கூடாது. 2 என்பது இரண்டு பாடத்துக்கு மேல் வரக் கூடாது, 3-ம் அதற்குக் கீழும் சேர்த்து மூன்று பாடத்துக்கு மேல் போகக் கூடாது. எஸ்எல் மூன்றிலும் சேர்த்து 9 வேண்டும். டிஓகே என்ற அறிவுக் கோட்பாட்டுப் பாடத்திலோ, எக்ஸ்டெண்டட் எஸ்ஸே என்ற நீண்ட ஆய்வுக் கட்டுரையிலோ கடைசி கிரேடான ‘ஈ’ வாங்கினால், மற்றதில் நீ மலையைப் புரட்டியிருந்தாலும் டிப்ளமா கிடையாது.

இப்போது உன் படிவத்துக்கு வருகிறேன். இயற்பியல், வேதியியல், கணிதம் ஏஏ (பகுப்பாய்வு வகை), பொருளியல், நாலும் எச்எல். ஆங்கிலமும் பிரெஞ்சும் எஸ்எல். நாலு எடுத்தால் பல்கலைக்கழகத்தில் மதிப்பார்கள் என்று எழுதியிருக்கிறாய். யார் சொன்னது? நான் பார்த்தவரை அவர்கள் கேட்பது மொத்தப் பாயிண்டும் மூன்று எச்எல்லின் மதிப்பெண்ணும்தான். எச்எல்லில் வாங்கும் 7-ம் எஸ்எல்லில் வாங்கும் 7-ம் மொத்தத்தில் ஒரே 7. ஆனால் எச்எல் என்றால் 240 மணி நேர வகுப்பு, எஸ்எல் 150. நாலாவது எச்எல்லுக்காக நீ கூடுதலாகக் கொடுக்கப்போவது 90 மணி நேரம், வீட்டுப்பாடம் தனி. அப்புறம் அந்த 12 என்ற கணக்குக்கும் நாலில் அதிகமாக வந்த மூன்றைத்தான் எடுத்துக்கொள்கிறார்கள். பொருளியலை நீ வேண்டாம் என்று ஒதுக்கவே தேவையில்லை, எஸ்எல்லில் வைத்துக்கொள், அதே பாடம்தான்.

கணிதத்தில் கை வைக்க மாட்டேன். பொறியியலுக்குப் பல இடங்களில் ஏஏ எச்எல்தான் கேட்கிறார்கள், பயன்பாட்டு வகைக் கணிதமான ஏஐ எடுத்துவிட்டு அப்புறம் வருத்தப்படுவதில் பயனில்லை. வேதியியல்தான் எனக்கு உறுத்துகிறது. அது உன் ஆசையா, இல்லை மருத்துவத்துக்கும் ஒரு கதவு திறந்திருக்கட்டும் என்று அப்பா போன விடுமுறையில் ஒரு தடவை சொன்னதற்காகவா? அவருக்காக என்றால் விட்டுவிடு, அவரிடம் நான் பேசிக்கொள்கிறேன். எனக்குப் படிக்கிற காலத்தில் இப்படிப் படிவமே வரவில்லை. மதிப்பெண்ணைப் பார்த்து ஒரு வகுப்பைக் காட்டி உட்காரச் சொன்னார்கள், உட்கார்ந்தேன்.

உனக்கு ஒரு விஷயம் தெரியுமா, ஆங்கிலத்தோடு தாய்மொழி இலக்கியத்தையும் முதல் மொழியாகவே எடுக்கலாம். பிரெஞ்சு இருக்கும் இடத்தில் அது வரும். ஆசிரியர் இல்லாவிட்டாலும் பள்ளியின் மேற்பார்வையில் நீயே படித்து எழுதும் வழி இருக்கிறது, எஸ்எல்லில் மட்டும். இரண்டு மொழியிலும் 3-க்குக் குறையாமல் வாங்கி டிப்ளமாவும் முடித்தால், அதை இருமொழி டிப்ளமாவாகவே தருகிறார்கள். நீ எனக்கு எழுதும் கடிதங்களைப் பார்த்துத்தான் சொல்கிறேன். சொந்த ஆசையும் கொஞ்சம் கலந்திருக்கிறது, மறைக்கவில்லை. பிரெஞ்சுதான் வேண்டும் என்றால் பிரெஞ்சு.

படைப்பு, உடற்செயல், சேவை மூன்றையும் சேர்த்துக் கேஸ் என்று நீ சொல்லும்போதெல்லாம் எனக்கு ஏதோ கோர்ட் கேஸ் போலவே கேட்கிறது. அதற்குப் பாயிண்ட் இல்லை என்று அலட்சியமாக இருக்காதே, முடிக்காவிட்டால் டிப்ளமாவும் இல்லை. 18 மாதம் தொடர்ந்து செய்ய வேண்டியதை, குறைந்தது ஒரு மாதம் ஓடும் புராஜெக்ட் உட்பட, உன் அண்ணன் செய்யத்தான் செய்தான், குறிப்புகளை மட்டும் கடைசி வாரத்துக்கு வைத்துக்கொண்டு, ஒரு வருடத்துக்கு முன் கால்பந்துப் பயிற்சியில் தனக்கு என்ன தோன்றியது என்று ராத்திரி ஒரு மணிக்கு என்னைக் கேட்டான். எனக்கெப்படித் தெரியும்?

எஸ்ஸே 4000 வார்த்தை. வழிகாட்டும் ஆசிரியர் உனக்காகச் செலவிடுவது மொத்தமே மூன்றிலிருந்து ஐந்து மணி நேரம். மற்ற நேரமெல்லாம் நீயும் உன் தலைப்பும் மட்டும்தான். அதனால், போனில் நீயாகவே அரை மணி நேரம் பேசக்கூடிய விஷயமாகத் தேடு. போன மாதம் பாலங்கள் ஏன் ஆடுகின்றன என்று பேசினாயே, குறுக்கே பேச விடாமல், அந்த மாதிரி.

கடைசியாக ஒன்று, இது அவசரம். உன் டிரான்ஸ்கிரிப்டைக் கையேட்டோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். உடற்கல்வியில் அரைக் கிரெடிட் குறைகிறது. 9-ஆம் வகுப்பில் கால் சுளுக்கி இரண்டாவது அரையாண்டு போகாமல் இருந்தாயே, அதுதான். நாலு எச்எல் எடுத்தால் 11-ஆம் வகுப்புக் கால அட்டவணையில் அதற்கு இடமே இல்லை, 12-இல் யாருக்கும் மூச்சு விட நேரம் இருக்காது. திங்கட்கிழமை கவுன்சிலரிடம் போய் இதை மட்டும் கேள். ஐபியில் 40 வாங்கிவிட்டு, ஓடாத ஓட்டத்துக்காக மேடை ஏறாமல் நிற்காதே.

ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு. அதற்குள் அந்த நாலு எச்எல் பாடங்களையும் ஒரு தாளில் எழுதி, ஒன்றை அடித்து வை. எது என்று நான் சொல்லப்போவதில்லை. புதுப் படிவம் வந்த அன்றே கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடுகிறேன். அண்ணன் தன் இயற்பியல் நோட்டுகளை உனக்குத் தருகிறானாம், முதல் தடவை எழுதியதை இல்லை, இரண்டாவது தடவை எழுதியதை.

அன்புடன்,
அம்மா