நாமக்கல் நண்பனுக்கு: 31 வயது ஓட்டக்காரனும் 30 மில்லியன் டாலரும்

எல்லிகாட் சிட்டி, மேரிலாந்து
10 செப்டம்பர் 2025

அன்புள்ள சேகர்,

ஞாயிறு ராத்திரி அமெரிக்கக் கால்பந்தில் நம் பால்டிமோர் ரேவன்ஸ் அணி பஃபலோவிடம் தோற்றதும், டெரிக் ஹென்றியைப் பற்றி நீ அனுப்பிய குறுஞ்செய்தியைப் பார்த்தேன். உனக்குத் திங்கள் காலை டிபன் நேரம், எனக்கு ஞாயிறு நடுநிசி. "30 மில்லியன் கொடுத்துப் பந்தைக் கீழே போட ஆள் வைத்திருக்கிறீர்களே!" என்று கேட்டிருந்தாய். அப்போதே பதில் போட்டிருந்தால் சண்டைதான் வந்திருக்கும். அதனால் மூன்று நாள் ஆறப்போட்டு, இன்று உட்கார்ந்து எழுதுகிறேன்.

முதலில் வீட்டுச் சமாச்சாரம். எல்லோரும் சுகம். எனக்கு இடது முட்டிதான் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. மாடிப்படி இறங்கும்போது கைப்பிடியைத் தேடுகிறேன். நீ ஊருக்குக் கிளம்பும்போது என்னிடம் விட்டுப்போன கறிவேப்பிலைச் செடி இடுப்பு உயரத்துக்கு வந்துவிட்டது. இன்னும் மூன்று வாரத்தில் குளிர் தொடங்கிவிடும், வீட்டுக்குள் தூக்கி வைக்க வேண்டும். தொட்டியைத் தூக்க இந்த வருஷம் பையனைத்தான் கூப்பிட வேண்டும் போல. உன் மகளுக்கு வேலை கிடைத்த செய்தி கேட்டு மனசு நிறைந்தது. வாழ்த்தைச் சொல்லிவிடு.

சரி, நம் ரன்னிங் பேக், அதாவது பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற ஆள், டெரிக் ஹென்றி விஷயத்துக்கு வருகிறேன்.

நடந்ததை நான் மறைக்கப் போவதில்லை. பஃபலோவில் நான்காவது கால்பகுதி, நாம் 40, அவர்கள் 32. மூன்று நிமிடம் சொச்சம் பாக்கி. கடிகாரத்தை ஓட்டினாலே ஜெயம். பந்தை ஹென்றியிடம் கொடுத்தார்கள்; பஃபலோவின் எட் ஆலிவர் கையை விட்டுத் தட்டினார்; பந்து புல்லில் உருண்டது. அப்புறம் 41க்கு 40 என்று தோற்று முடித்தோம். நான் டிவியை அணைத்துவிட்டு இருட்டில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். ஆனால் அதே ஆட்டத்தில்தான் அவன் 18 தடவை பந்தை வாங்கி 169 யார்டு ஓடினான், பந்தை எதிரணியின் எல்லைக்குள் கொண்டுபோய் இரண்டு டச்டவுன் போட்டான். அதில் ஒன்று 46 யார்டு. கை வழுக்குவது எந்த வயதிலும் நடக்கும். கால் வேகம் போனால்தான் வயது என்று பேச வேண்டும். அந்த 46 யார்டில் பின்னால் துரத்தியவர்கள் எல்லாம் இருபத்துச் சொச்சம் வயதுப் பையன்கள். ஒருவனாலும் எட்டிப் பிடிக்க முடியவில்லை.

2020 ஜனவரி 11 உனக்கு மறந்திருக்காது. என் வீட்டு அடித்தளத்தில், உன் சம்சாரம் செய்து கொடுத்த சுண்டலை மடியில் வைத்துக்கொண்டு இரண்டு பேரும் வாயடைத்து உட்கார்ந்திருந்தோம். 14 ஆட்டம் ஜெயித்து இரண்டே இரண்டு தோற்ற ரேவன்ஸ் அணியை, டென்னசியிலிருந்து வந்த இந்த மனிதன் நம் ஊரிலேயே 195 யார்டு ஓடி நசுக்கினான். போதாததற்குக் குதித்து ஒரு டச்டவுன் பாஸும் போட்டான். "இவன் மனுஷனா, ரோடு ரோலரா?" என்று அன்று கேட்டது நீதான். இப்போது அதே ரோடு ரோலர் ஊதாச் சட்டை போட்டு நமக்காக ஓடுகிறது, நீ இன்ஜின் பழசு என்கிறாய்.

உன் வாதம் எனக்குப் புரியாமல் இல்லை. கடைசி போன் பேச்சில் "எட்டு வருஷம் ஓடின லாரிடா அது" என்றாய். கணக்கு உன் பக்கம்தான். ஃப்ளோரிடாவில் பள்ளிக்கூடத்திலேயே 12,124 யார்டு ஓடியவன். அலபாமாவில் 2015ஆம் வருஷம் மட்டும் 395 தடவை பந்தைத் தூக்கினான். டென்னசியில் எட்டு சீசனில் 2,030 தடவை. ஒவ்வொரு தடவையும் நூற்றிருபது, நூற்றைம்பது கிலோ ஆட்கள் மேலே வந்து விழுகிறார்கள். 2021இல் பாதம் முறிந்து பாதி சீசன் படுத்தான். முப்பது தாண்டினால் ரன்னிங் பேக்குக்கு எமகண்டம் என்று ஆகிவிட்ட ஆட்டம் இது.

பெரிய பணம் வாங்கிய மற்ற ரன்னிங் பேக்குகளின் முன்கதைகளையும் நானே சொல்லிவிடுகிறேன், நீ தேட வேண்டாம். சியாட்டிலில் ஷான் அலெக்சாண்டர் 28 டச்டவுன் போட்டு, சீசனின் சிறந்த ஆட்டக்காரருக்கான எம்.வி.பி. விருது வாங்கிய கையோடு, 2006இல் எட்டு வருஷத்துக்கு 62 மில்லியன் என்று எழுதிக் கொடுத்தார்கள். அந்த சீசனிலேயே பாதம் முறிந்தது. 2008இல் அனுப்பிவிட்டார்கள். டாட் கர்லிக்கு 2018இல் 45 மில்லியன் உத்தரவாதம், அதாவது ஓடினாலும் ஓடாவிட்டாலும் கொடுத்தாக வேண்டிய பணம்; 2020 மார்ச்சில் வெளியே. அப்போது அவனுக்கு வயது 25தான், முட்டி மட்டும் ஐம்பது. டாலஸில் எலியட்டுக்கு 2019இல் ஆறு வருஷம், 90 மில்லியன். 2023இல் கணக்கு முடித்தார்கள்.

ஆனால் சேகர், இந்த மூன்று பேருமே கையெழுத்துப் போட்டபோது முப்பதைத் தொடாதவர்கள். கெட்டுப்போனது வயதால் மட்டும் இல்லை. ஒப்பந்தப் பத்திரம் நீளம். ஒரு சீசனில் அணி மொத்தமாக இவ்வளவுதான் சம்பளம் கொடுக்கலாம் என்று ஒரு வரம்பு உண்டு; ஆள் போன பிறகும் அவன் பேரில் எழுதிய பணம் அந்தச் சம்பள வரம்பில் போய் உட்கார்ந்துகொள்ளும். அந்தப் பணத்துக்கு ஒரு நல்ல தடுப்பு ஆட்டக்காரனை வாங்கியிருக்கலாம், முடியாது.

நீ நாமக்கல்காரன். உன் அப்பா பட்டறையில் நாம் லாரிச் சக்கரத்தின் மேல் உட்கார்ந்து கதையடித்த நாட்கள் எத்தனை. வண்டி ஓடத் தகுதியானது என்ற எஃப்.சி. சான்றிதழை எப்படிக் கொடுப்பார்கள் என்று நான் உனக்குச் சொல்ல வேண்டுமா? எட்டு வருஷம் வரைக்கும் இரண்டு வருஷத்துக்கு ஒரு தரம், அப்புறம் வருஷா வருஷம். வண்டி பழசு என்பதற்காக ஷெட்டில் நிறுத்திவிடுவதில்லை. பிரேக்கைப் பார், சேஸிஸைப் பார், ஓடுகிற வரைக்கும் ஓட்டு. அப்பா அந்தப் பழைய டாட்டாவை எத்தனை வருஷம் வடக்கே அனுப்பினார்! டாலஸ்காரன் செய்தது ஆறு வருஷத்துக்கு ஒரே எஃப்.சி. பால்டிமோர் செய்தது அது இல்லை. 2024 மார்ச்சில் 30 வயதில் கூட்டி வந்தபோது இரண்டு வருஷம், 16 மில்லியன். ஓட்டிப் பார்த்தார்கள்: 1,921 யார்டு, 16 டச்டவுன். பிறகு இந்த 2025 மே மாதம் இன்னும் இரண்டு வருஷம், 30 மில்லியன். வருஷத்துக்கு 15 மில்லியன் என்று வைத்துக்கொள். இந்த 2025 சீசனின் சம்பள வரம்பு 279.2 மில்லியன். நூறு ரூபாயில் ஐந்தரை ரூபாய்கூட வராது. பந்தைக் கையில் வாங்கி ஆட்டத்தை நடத்துகிற நம் குவார்ட்டர்பேக் லாமார் ஜாக்சனுக்கு 2023இல் ஐந்து வருஷத்துக்கு 260 மில்லியன் எழுதினார்கள், அதற்கு நீ ஒரு வார்த்தை பேசவில்லை.

"லாமார் இருக்கும்போது யார் ஓடினாலும் ஓடும்" என்று நீ அடுத்துச் சொல்வாய், தெரியும். அதில் பாதி உண்மை. லாமார் பந்தை ஹென்றியின் வயிற்றில் வைத்தபடியே ஒரு கணம் நிறுத்துகிறான் பார், எதிரணியின் ஓர ஆள் அங்கேயே உறைந்துபோகிறான். லாமாரைப் பிடிக்க ஓடினால் ஹென்றி நடுவில் புகுந்துவிடுவான். ஹென்றியை அடைத்தால் லாமார் வெளியே பறப்பான். அந்த அரை நொடித் தயக்கத்தில்தான் எல்லாமே. ஆனால் 2023இலும் இதே லாமார்தான் இருந்தான். அப்போது கஸ் எட்வர்ட்ஸ் ஓடினான், 198 தடவைக்கு 810 யார்டு. தடவைக்கு நாலு சொச்சம். குறை சொல்ல முடியாது, 13 டச்டவுன் போட்டான். ஹென்றி வந்த வருஷம் தடவைக்கு 5.9. நடுவில் உள்ள வித்தியாசத்துக்குத்தான் காசு.

இன்னொரு பக்கம் நியூயார்க் ஜயன்ட்ஸைப் பார். ரன்னிங் பேக்குக்கு அவ்வளவு கொடுக்க வேண்டாம் என்று கணக்குப் போட்டு சேக்வான் பார்க்லியை விட்டார்கள். அவன் பக்கத்து ஊர் பிலடெல்பியாவின் ஈகிள்ஸ் அணிக்குப் போய் அந்த ஒரே சீசனில் 2,005 யார்டு ஓடி, இறுதிப் போட்டியான சூப்பர் பவுலும் ஜெயித்துவிட்டான். போன பிப்ரவரியில் இங்கே ஈகிள்ஸ்காரர்கள் ஹாரன் அடித்துக்கொண்டே போனதை நான் மறக்கவில்லை, அந்தச் சத்தம் பழுத்த ரேவன்ஸ்காரனுக்குக்கூடப் பொறாமை தரும். கணக்குப் பிள்ளை மட்டும் அணி நடத்தினால் இப்படியும் நடக்கும்.

எனக்கும் ஒரு உறுத்தல் உண்டு. ஹென்றிக்கு எழுதிய 30 மில்லியனில் 25 மில்லியன் உத்தரவாதம் என்பது கூடுதல்தான். நானாக இருந்தால் இரண்டாவது வருஷத்தில் இன்னும் கொஞ்சம் கையில் பிடித்து வைத்திருப்பேன். அவன் பந்தைப் பிடிப்பதிலும் பெரிய ஆள் இல்லை; நாம் பின்தங்கிவிட்டால் ஓரத்தில் தலைக்கவசத்தைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறான். வருஷம் 15 மில்லியன் வாங்குகிற ஆள் நிற்கிற இடமா அது? இந்த ஒப்பந்தம் முடிந்து இன்னொன்று கேட்டு வந்தால், அப்போது நானே உன் பக்கம் வந்தாலும் வருவேன். ஃப்ராங்க் கோர் 33 வயதில் ஆயிரம் யார்டு தாண்டினான், ஏட்ரியன் பீட்டர்சனும் அப்படித்தான். ரிகின்ஸ் 34 வயதில் வாஷிங்டனுக்கு 24 டச்டவுன் போட்டார். ஆனால் அவர்கள் பேரை எண்ண ஒரு கை விரல் போதும் என்பதையும் நீ எனக்கு ஞாபகப்படுத்துவாய்.

தோற்ற ராத்திரி ஹென்றி வேறு யார் மேலும் பழி போடவில்லை. தப்பு தன்னுடையது என்றுதான் சொன்னான். 112 கிலோ மனிதன், முகம் சின்னப் பிள்ளை மாதிரி இருந்தது.

வரும் ஞாயிறு கிளீவ்லாண்ட் அணி இங்கே ஆட வருகிறது. பையன் இரண்டு டிக்கெட் எடுத்திருக்கிறான், மேல் அடுக்கு. அத்தனை படியையும் இந்த முட்டியை வைத்துக்கொண்டு எப்படி ஏறுவேனோ. ஆட்டம் உனக்கு ராத்திரி பத்தரை. சாப்பிட்டுவிட்டுத் தூங்கிவிடாதே. முதல் கால்பகுதியில் ஹென்றி பந்தை இரண்டு கையாலும் கட்டிப் பிடிக்கிறானா என்று மட்டும் பார்த்துச் சொல், மேலே இருந்து எனக்குத் தெரியாது.

அன்புடன்,
ராஜா

பி.கு.: செடியைப் பூச்சி அரிக்கிறது. இலைக்கு அடியில் வெள்ளையாக, பஞ்சு மாதிரி. உங்கள் அம்மா ஏதோ கரைத்துத் தெளிப்பாரே, என்ன அது?