மூச்சுப் பரிசோதனை வரட்டும், விறகடுப்புப் புகையையும் கணக்கில் எடுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

மூச்சை ஊதவைத்து மார்பகப் புற்றுநோயின் அறிகுறியைத் தேடும் பரிசோதனை பற்றித் தங்கள் பத்திரிகையில் வந்த கட்டுரையை ஆவலோடு வாசித்தேன். வன்னியில் நெடுங்காலம் குடும்பநல உத்தியோகத்தராக வேலை செய்தவள் நான். வாசித்து முடித்தபோது சந்தோசமும் வந்தது, பயமும் வந்தது.

சந்தோசத்துக்குக் காரணம் எங்கள் பெண்களின் கூச்சம். சுகமாக இருக்கும் பெண்களையும் பரிசோதிக்கும் சுகவனிதையர் கிளினிக்குக்கு வாருங்கள் என்று படலை படலையாகப் போய்க் கூப்பிட்டாலும், "எனக்கு ஒண்டுமில்லை மிஸ், பிறகு வாறன்" என்று வயலுக்குப் போய்விடுவார்கள். உடுப்புக் கழற்றத் தேவையில்லை, மார்பை அழுத்தும் இயந்திரம் இல்லை, ஒரு குழாய்க்குள் கொஞ்ச நேரம் மூச்சு விட்டால் போதும் என்றால் இவர்களில் பலர் வருவார்கள். வயிற்றிலுள்ள ஹெலிகோபாக்டர் கிருமியை மூச்சை வைத்துக் கண்டுபிடிக்கும் முறை ஏற்கெனவே மருத்துவப் பாவனையில் இருக்கிறது. ஆகவே இதை நடக்காத காரியம் என்று ஒதுக்க முடியாது.

மூச்சில் நூற்றுக்கணக்கான ஆவிப் பொருட்கள் இருப்பதை 1971இல் அமெரிக்க இரசாயனவியலாளர் லைனஸ் போலிங் காட்டினார். உடலின் கலங்களில் உள்ள கொழுப்பு ஒட்சியேற்றத்தால் சிதையும்போது அல்கேன் போன்ற சேர்வைகள் உண்டாகி, இரத்தத்தில் கலந்து, நுரையீரல் வழியாக வெளியேறுகின்றன. அமெரிக்காவில் மைக்கேல் பிலிப்ஸ் குழுவினர் அந்தக் கலவையில் மார்பகப் புற்றுநோய்க்குரிய அடையாளத்தைத் தேடி ஆய்வுகள் செய்திருக்கிறார்கள். மார்பை எக்ஸ்-கதிரால் படம் பிடிக்கும் மமோகிராமின் இடத்தைப் பிடிக்கும் அளவுக்கு அது இன்னும் நிரூபிக்கப்படவில்லை.

கட்டுரை தொடாமல் விட்டது சுற்றியுள்ள காற்றை. நாம் சுவாசித்து உள்ளே எடுத்ததும் மூச்சில் திரும்பி வரும். அதனால்தான் ஆய்வாளர்கள் அறைக் காற்றையும் தனியாகப் பிடித்துக் கழித்துப் பார்க்கிறார்கள். ஆனால் விடியமுன் எழும்பி, ஈர விறகை ஊதி ஊதி மூட்டி, புகைக்குள் நின்று சமைத்துவிட்டு வருகிற பெண்ணுக்கு, கிளினிக் அறையின் காற்றைக் கழித்தால் மட்டும் போதுமா? மருந்தடித்த வயல், வெற்றிலையோடு போடும் புகையிலை என்று இன்னும் இருக்கிறது. வேறு நாட்டுப் பெண்களின் மூச்சில் பழகிய கருவியை எங்கள் பெண்களிடமும் சோதித்துப் பார்க்காமல் இங்கே கொண்டுவரக் கூடாது.

கணக்கையும் பாருங்கள். 1,000 பெண்களில் 5 பேருக்கு நோய் இருக்கிறது, கருவி நோயாளரிலும் சுகமானவரிலும் 100க்கு 90 பேரைச் சரியாகச் சொல்கிறது என்று வைத்துக்கொள்வோம். நோயுள்ளவர்களில் நாலைந்து பேர் பிடிபடுவார்கள். நோயே இல்லாத ஏறக்குறைய 100 பேருக்கும் 'சந்தேகம்' என்று வரும். அந்த 100 பேரும் ஒரு நாள் கூலியை விட்டு, பிள்ளைகளை அயலில் ஒப்படைத்து, ஒட்டுசுட்டானிலிருந்தோ துணுக்காயிலிருந்தோ பஸ் ஏறி யாழ்ப்பாணம் போகவேண்டும் என்றால் எத்தனை பேர் போவார்கள்? முதலில் காட்டிய நாளிலிருந்து 60 நாட்களுக்குள் நோய் நிர்ணயம் முடியவேண்டும் என்பது, உலக சுகாதார நிறுவனம் 2021இல் தொடங்கிய மார்பகப் புற்றுநோய்த் திட்டத்தின் இலக்கு. ஊதும் குழாய் வருமுன்னரே அதற்கான வழி எங்கள் மாவட்டங்களில் சீராக வேண்டும்.

இதைவிடப் பெரிய பயம், 'இல்லை' என்று வரும் முடிவைப் பற்றியது. என் பிரிவில் ஒரு பெண் மார்பின் பக்கத்தில் இருந்த கட்டியைக் காட்டி, "இது செல் பீஸ் மிஸ், கடைசிச் சண்டையில பட்டது" என்றார். தோளில் பழைய தழும்பு இருந்தது. அங்கே பட்ட எறிகணைத் துண்டுதான் இறங்கி வந்திருக்கிறது என்று நம்பி, ஒரு வருடத்துக்கு மேலாக யாருக்கும் காட்டவில்லை. தொட்டுப் பார்த்தேன். கட்டி அசையவில்லை, ஓரம் கரடுமுரடாக இருந்தது, மேலே தோல் தோடம்பழத் தோல் போலக் குழிந்திருந்தது. சிகிச்சை தொடங்கும்போது நோய் அக்குளுக்கும் பரவிவிட்டது. இப்படி ஏற்கெனவே ஒரு சமாதானம் வைத்திருக்கும் பெண்ணிடம் ஒரு கருவியும் 'இல்லை' என்று சொல்லிவிட்டால், பிறகு எந்த மிஸ் போய்க் கூப்பிட்டாலும் அவர் வரமாட்டார். வெப்பத்தைப் படம் பிடிக்கும் தெர்மோகிராபியை மமோகிராமுக்குப் பதிலாகச் சிலர் விற்கத் தொடங்கியபோது, அது மாற்றல்ல என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் திரும்பத் திரும்ப எச்சரிக்க வேண்டியிருந்தது. மூச்சுப் பரிசோதனையையும் நாளைக்கு யாராவது காசுக்கு ஊர் ஊராகக் கொண்டுவரக்கூடும். சுகாதார அமைச்சு இப்போதே விழிப்பாக இருக்க வேண்டும்.

35, 45 வயதுப் பெண்களைச் சுகவனிதையர் கிளினிக்குக்குக் கட்டாயம் அழைக்கிறார்கள். மார்பையும் அங்கே பார்ப்பார்கள், பணம் கட்டத் தேவையில்லை. கட்டி, தோல் குழிவு, காம்பில் இரத்தக் கசிவு எதுவாக இருந்தாலும் அந்த வயது வரும்வரை காத்திருக்க வேண்டாம். கிளினிக் எந்த நாளில் நடக்கிறது என்பதே பலருக்குத் தெரியாது. வன்னியிலுள்ள ஒவ்வொரு சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலும் கிளினிக் நடக்கும் நாட்களைக் கேட்டு, மாதம் ஒருமுறை தங்கள் பத்திரிகையில் ஒரு சிறு பெட்டியில் போடுவீர்களா?

ஓய்வுபெற்ற குடும்பநல உத்தியோகத்தர்,
ஒட்டுசுட்டான்.