ஏரி வாய்க்காலில் பாசித் தொட்டி: நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர், வணக்கம்.

சேர்வராயன் மலையில் மழை பெய்தால் நம் ஏரிக்குத் தண்ணீர் வரும். இப்போது மழை இல்லாமலும் வருகிறது. குளியலறைத் தண்ணீர், துணி துவைத்த தண்ணீர், ஓட்டல் கழுவிவிட்ட தண்ணீர் எல்லாம் கிழக்கு வாய்க்கால் வழியே நேராக ஏரியில் இறங்குகிறது. சித்திரை வெயிலில் அந்தக் கரையில் நடந்தவர்களுக்கு மேற்கொண்டு சொல்ல வேண்டியதில்லை. சேலத்துக்குள் திருமணிமுத்தாறு பட்ட பாடு இந்த ஏரிக்கும் வர வேண்டாம்.

வாய்க்கால் ஏரியைத் தொடும் இடத்துக்கு முன்பாகப் பாசித் தொட்டி கட்டுவது என்று குழு முடிவு செய்திருக்கிறது. "ஏரியே பச்சையாகத்தான் கிடக்கிறது, காசு போட்டு இன்னும் பாசி வளர்க்கணுமா?" என்று கூட்டத்தில் ஒரு பெரியவர் கேட்டார். நியாயமான கேள்விதான். கழிவிலும் சோப்பிலும் உள்ள தழைச்சத்தும் மணிச்சத்தும் பாசிக்கு உரம். ஏரியில் அதைத் தின்று வளரும் பாசி அங்கேயே செத்து அழுகும்போது தண்ணீரில் பிராணவாயு தீர்ந்து மீன் மிதக்கும். தொட்டியில் வளர்ந்தால் நாம் அள்ளிவிடலாம். பாசியோடு அந்தச் சத்தும் வெளியே போய்விடும். அள்ளாமல் விட்டால் தொட்டி கட்டியும் வீண். அதனால் வசூலில் ஒரு பங்கை அள்ளுகிறவர் கூலிக்கென்றே ஒதுக்குகிறோம்.

தொட்டியில் தண்ணீர் ஒரு அடிதான் நிற்கும், வெயில் அடிவரை இறங்க வேண்டும் அல்லவா! துடுப்புச் சக்கரம் ஒன்று தண்ணீரை மெல்லச் சுற்றவிடும். பகலில் பாசி விடும் பிராணவாயுவைக் கொண்டு பாக்டீரியா அழுக்கைச் சிதைக்கும். பாக்டீரியா விடும் கரியமில வாயுவைப் பாசி எடுத்துக்கொள்ளும். காற்று ஊதும் பெரிய மெஷின் தேவைப்படாததால் கரண்ட் செலவு குறைவு. கலிபோர்னியாவில் வில்லியம் ஆஸ்வால்ட் என்ற பொறியாளர் 1950களிலேயே செய்து காட்டிய முறை இது. அப்புறம் அடுத்த தொட்டியில் தண்ணீர் அசையாமல் நிற்க, பாசி அடியில் படியும். தெளிந்தது ஏரிக்குப் போகும். குடிக்க ஆகாது, ஏரியைக் கெடுக்காது, அவ்வளவுதான். காய்ந்த பாசி தென்னைக்கு உரமாகும். மாட்டுக்குப் போட வேண்டாம்.

இது சர்வரோக நிவாரணி இல்லை. சாயத்தண்ணீர் வந்தால் அதன் நிறமே வெயிலை மறைத்துவிடும்; வெள்ளிப் பட்டறை ஆசிட் பாசியைக் கொன்றுவிடும். சேகோ மில் கழிவையும் அப்படியே விட்டால் தாங்காது. நம் வாய்க்காலில் வருவது வீட்டுத் தண்ணீரும் ஓட்டல் தண்ணீரும்தான் என்பதால் துணிந்து இறங்குகிறோம். ஐப்பசி, கார்த்திகை மூட்டத்தில் வேலை மந்தமாகும், அதையும் இப்போதே சொல்லிவிடுகிறோம்.

பணமாகத்தான் தர வேண்டும் என்றில்லை. செங்கல், எம் சாண்ட், சிமெண்ட் மூட்டை, ஒரு நாள் ஜேசிபி, மேஸ்திரிகளின் ஒரு நாள் வேலை, எதுவானாலும் சரி. துடுப்புச் சக்கரத்துக்குத்தான் இன்னும் வழி பிறக்கவில்லை. லேத் பட்டறை வைத்திருக்கும் அன்பர்கள் யாராவது கைகொடுத்தால் பெரிய பாரம் இறங்கும்.

ஞாயிறு காலையில் மாரியம்மன் கோயில் மண்டபத்தில் பொருளாளர் இருப்பார். நூறு ரூபாய் கொடுத்தாலும் ரசீது கேட்டு வாங்குங்கள். வரவு செலவு மாதாமாதம் பால் சொசைட்டி பலகையில் ஒட்டப்படும். தை பிறந்ததும் தோண்ட ஆரம்பிக்கிறோம், ஆகவே மார்கழிக்குள் தந்தால் நல்லது.

இப்படிக்கு,
ஏரிப் பாதுகாப்புக் குழுவினர்