குட்டி வேண்டாம், வளர்ந்த நாயாகப் பார்

அன்புள்ள கயலுக்கு,

அப்பா எழுதுகிறேன். சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற பிறவி நோயுள்ள நம் பேரன் இனியனுக்குக் கிளி வாங்கித் தரலாமா, இல்லை எந்தப் பிராணியுமே அவன் பக்கம் வரக்கூடாதா என்று கேட்டிருந்தாய். போனில் பேசி முடிக்கிற விஷயமில்லை இது. மாப்பிள்ளையும் நிதானமாகப் படிக்கட்டும் என்று எழுதியே அனுப்புகிறேன்.

பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். கிளி வேண்டாம். நாய் வளர்க்கலாம், ஆனால் வளர்ந்த நாயாக இருக்கட்டும். அதைச் சுத்தம் செய்கிற வேலை எதுவும் இனியன் கைக்குப் போகக்கூடாது. அவனுடைய நுரையீரல் டாக்டரிடம் கேட்காமல் எதையும் வீட்டுக்குக் கொண்டு வராதே. நான் பிராணிகளுக்கு வைத்தியம் பார்த்தவன். பிள்ளையின் நெஞ்சைப் பற்றிக் கடைசி வார்த்தை சொல்ல வேண்டியவர் அவர்தான்.

சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் உள்ள பிள்ளையின் மூச்சுக்குழாயில் சளி கெட்டியாகத் தங்கிவிடுகிறது என்பது உனக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். நமக்கெல்லாம் உள்ளே போன கிருமியைச் சளியோடு உடம்பே வெளியே தள்ளிவிடும். அவனுக்கு அது அங்கேயே உட்கார்ந்துகொள்ளும். அதனால் மற்றப் பிள்ளைகளுக்கு ஒன்றும் செய்யாத கிருமிகூட அவனுக்கு வருஷக்கணக்கில் தொல்லை தரலாம். பிராணி வளர்ப்பதைப் பற்றி யோசிக்கும்போது இந்த ஒன்றை மனதில் வைத்துக்கொள்.

நீ பயப்படுவது நாயின் முடியைப் பார்த்து. அது ஒவ்வாமை சம்பந்தப்பட்டது, அதற்கு அப்புறம் வருகிறேன். தொற்று பெரும்பாலும் வருவது ஈரத்திலிருந்தும், காய்ந்த எச்சத்திலிருந்தும், பூஞ்சை பிடித்த படுக்கையிலிருந்தும்தான். எனக்குக் கிளியைவிட, அது உட்கார்ந்திருக்கும் கூண்டின் தட்டைப் பார்த்துத்தான் பயம்.

கூண்டைச் சுத்தம் செய்வதை நீ பக்கத்திலிருந்து பார்த்ததில்லை. தட்டில் விரித்த காகிதத்தில் எச்சம் வெள்ளையும் பச்சையுமாகக் காய்ந்து ஒட்டியிருக்கும். காகிதத்தை மடித்து எடுக்கும்போது அது உடைந்து பொடியாகும். ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தால் அந்தப் பொடி மேலே எழும்பி நிற்பது தெரியும். கிளி சிறகை ஒருமுறை உதறினாலும் அதே கதைதான். அந்தத் தூசியில் கிளமிடியா சிட்டாசி என்ற கிருமி இருந்தால், மூச்சோடு உள்ளே போய் நிமோனியா வரும். கிளிக் காய்ச்சல் என்பது இதுதான். 1929, 1930 வாக்கில் விற்பனைக்காகக் கப்பலேறிப் போன கிளிகள் வழியாக இது பல நாடுகளில் பரவி நிறையப் பேர் இறந்தார்கள். இன்றைக்கு அதற்கு மருந்து இருக்கிறது, அந்த அளவுக்குப் பயமில்லை. சிக்கல் வேறு. கிளி பார்க்க நன்றாகவே இருக்கும், நன்றாகத் தின்னும், பேசும், ஆனாலும் எச்சத்தில் கிருமியைக் கழித்துக்கொண்டிருக்கும். நோய் தெரிய பெரும்பாலும் 5 முதல் 14 நாள் ஆகும். இருமலும் காய்ச்சலும் இனியனுக்கு வழக்கம் என்பதால், எல்லாரும் பழைய தொந்தரவு என்றே நினைப்பார்கள். நிமோனியாவுக்கு வழக்கமாகக் கொடுக்கிற பென்சிலின் வகை மருந்துகள் இதற்குச் சரியாகக் கேட்காது. வீட்டில் கிளி இருக்கிறது என்று யாராவது சொன்னால்தான் டாக்டருக்கு அந்தப் பக்கம் யோசனை போகும்.

கிருமியே இல்லாத பறவையாலும் நுரையீரல் கெடும் என்பது இன்னொன்று. சிறகுப் பொடியிலும் எச்சத்திலும் உள்ள புரதங்களை நாள்தோறும் சுவாசிக்கிற சிலருக்கு நுரையீரல் அழற்சி வந்து, கவனிக்காமல் விட்டால் நிரந்தரத் தழும்பாகிவிடும். ஏற்கெனவே அடிபட்ட நுரையீரலுக்கு இந்தச் சோதனை எதற்கு? புறா, லவ் பேர்ட்ஸ் எல்லாவற்றுக்கும் இதேதான் என் பதில். எங்கேயாவது பறவையைப் பார்த்தால் அவன் தூர நின்று ரசிக்கட்டும், அதைத் தடுக்காதே.

மீன் தொட்டி வைக்கலாமே, அது யாரையும் கடிக்காது, முடியும் கொட்டாது என்று மாப்பிள்ளை சொன்னாராம். பலர் அப்படித்தான் நினைக்கிறார்கள். சூடோமோனாஸ் என்ற பெயரை, இனியனின் சளியில் என்ன கிருமி இருக்கிறது என்று காட்டும் கல்ச்சர் ரிப்போர்ட் வரும்போதெல்லாம் நீ தேடித் தேடிப் பார்ப்பாய் அல்லவா, அந்தக் கிருமிக்குப் பிடித்த இடம் தேங்கிய நீர். சிங்க் குழாய், வடிகால், பூந்தொட்டியின் அடித்தட்டு, மீன் தொட்டி எல்லாம் அதில் அடங்கும். தொட்டியின் வடிகட்டிப் பஞ்சை எடுத்துக் கையில் பிழிந்து பார்த்தால் வழவழவென்று ஒரு படலம் வரும். கிருமிகள் கூடு கட்டி வாழ்வது அந்தப் படலத்தில்தான். தொட்டியை மூடி வைத்து, தண்ணீர் மாற்றுவது, பஞ்சைக் கழுவுவது எல்லாம் பெரியவர்கள் செய்து, அந்த நேரத்தில் அவன் அறைக்குள்ளேயே வராமல் இருந்தால் மீன் பார்ப்பதில் தப்பில்லை. ஆனால் அவன் வயசுப் பிள்ளை தொட்டிக்குள் கையை விடாமல் இருப்பானா? அந்தக் கையால்தானே மருந்தை மூச்சோடு இழுக்கிற நெபுலைசர் முகமூடியைப் பிடிப்பான். எனக்கு மனசு ஒப்பவில்லை.

முயல், கினி பன்றி இரண்டும் பார்க்கச் சாது. அவற்றுக்குப் போடுகிற வைக்கோலும் உலர்புல்லும்தான் பிரச்சினை. அதில் ஈரம் பட்டால் ஆஸ்பர்ஜில்லஸ் பூஞ்சை வளரும். அதன் விதைத்துகள் கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியது, நேராக நுரையீரல் அடிவரை போய்ச் சேரும். சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் பிள்ளைகளில் சிலருக்கு அந்தப் பூஞ்சையாலேயே கடுமையான ஒவ்வாமை வந்து, மாசக்கணக்கில் ஸ்டீராய்டு எடுக்க வேண்டி வருகிறது. ஆமை, பல்லி இனங்கள் சால்மோனெல்லா என்ற வயிற்றுப்போக்குக் கிருமியைச் சுமப்பவை. அமெரிக்காவில் 4 அங்குலத்துக்குக் குறைந்த ஓடுள்ள ஆமைகளைச் செல்லப்பிராணியாக விற்பதை 1975இல் தடை செய்ததே, குழந்தைகளுக்கு அவற்றிலிருந்து நோய் வந்ததால்தான். அந்தப் பேச்சே வேண்டாம்.

பூனை விஷயத்தில் நான் இரண்டு மனசாக இருக்கிறேன். பெரும்பாலான பூனைகளின் வாயில் பாஸ்சுரெல்லா என்ற கிருமி இருக்கும். கடித்தாலோ கீறினாலோ அந்த இடம் ஒரே நாளில் வீங்கிப் பழுக்கும். நாள்பட்ட நுரையீரல் நோய் உள்ளவர்களுக்கு, பூனை முகத்தை நக்குவதாலேயே இது சுவாசப் பாதைக்குப் போனதும் உண்டு. மலத்தட்டை அள்ளும் வேலையும் இருக்கிறது. அதோடு, பூனையின் எச்சிலிலும் தோலிலும் வருகிற ஒவ்வாமைப் புரதம் மிக லேசானது. காற்றில் வெகுநேரம் மிதக்கும், சோபாவிலும் திரைச்சீலையிலும் ஒட்டிக்கொள்ளும், பூனையை வேறு வீட்டுக்கு அனுப்பின பிறகும் மாதக்கணக்கில் இருக்கும். ஒவ்வாமையே தராத இனம் என்று சொல்லி விற்பார்கள், நம்பாதே. அப்படி ஓர் இனம் பூனையிலும் இல்லை, நாயிலும் இல்லை.

சரி, நாய்க்கு வருகிறேன்.

குட்டி வேண்டாம் என்பதற்குக் காரணம் இருக்கிறது. குட்டிகளுக்குக் குடற்புழு அதிகம், அடிக்கடி வயிறு போகும், அதில் கேம்பைலோபாக்டர் போன்ற கிருமிகள் இருக்கும். எதையும் கடிக்கும், விளையாட்டில் பல் படும், வீட்டுக்குள்ளேயே அசிங்கம் பண்ணும். ஒரு வயது தாண்டி, தடுப்பூசியெல்லாம் போட்டு முடித்து, வெளியே போய் மலஜலம் கழிக்கப் பழகிய அமைதியான நாய் உங்கள் வீட்டுக்குச் சரி. வாங்கும் முன்னால் இனியனை அந்த நாயோடு சில மணி நேரம் இருக்க விடு, வேறு வேறு நாட்களில். வீசிங் வருகிறதா, கண் சிவக்கிறதா, அன்றைக்கு ராத்திரி இருமல் கூடுகிறதா என்று பார். வந்தால் அதோடு விட்டுவிடு. வீட்டுக்குக் கூட்டி வந்து பழகிய பிறகு திருப்பி அனுப்புவது பிள்ளைக்கும் கஷ்டம், அந்த ஜீவனுக்கும் கஷ்டம்.

நாய்களுக்கு வருகிற கென்னல் காஃப் என்ற இருமலைப் பற்றிக் கட்டாயம் தெரிந்துகொள். அதை உண்டாக்குகிற கிருமிகளில் ஒன்று போர்டெடெல்லா ப்ராங்கிசெப்டிகா, கக்குவான் இருமல் கிருமிக்கு நெருங்கிய உறவு. சாதாரண ஆட்களை அது பெரும்பாலும் தொடுவதில்லை. சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் உள்ளவர்களின் சளியில் அதைக் கண்டிருக்கிறார்கள். இதற்குத் தடுப்பு மருந்து இருக்கிறது, ஆனால் நாயின் மூக்கில் சொட்டுவிடும் வகையில் உயிருள்ள கிருமியை வலுக்குறைத்து வைத்திருப்பார்கள். சொட்டுவிட்டபின் அந்த நாய் சில வாரங்கள் வரை அதை மூக்கு வழியாக வெளியேற்றிக்கொண்டிருக்கலாம். சொட்டுவிடும்போது நாய் தும்மும், அது எதிரே நிற்பவர் முகத்தில்தான் தெறிக்கும். எனவே, வீட்டில் நுரையீரல் நோயுள்ள பிள்ளை இருக்கிறான் என்று கால்நடை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லி, ஊசியாகப் போடும் வகை கிடைக்குமா என்று கேள். அவராக விசாரிக்க மாட்டார், நீதான் சொல்ல வேண்டும். நிறைய நாய்களை ஒன்றாகத் தங்கவைக்கும் விடுதியில் விட்டால் இந்த இருமல் தொற்றும், அங்கே விடாதே. நாய் இருமினால் குணமாகும்வரை இனியனிடமிருந்து தள்ளியே இருக்கட்டும்.

நாயின் காதை வாரம் ஒருமுறை தூக்கி முகர்ந்து பார். சுத்தமான காதில் பெரிதாக வாடை இருக்காது. புளித்த நாற்றமோ, பழுப்பான கசிவோ இருந்தால் உடனே காட்டு. நாட்பட்ட காதுச் சீழில் அதே சூடோமோனாஸ் இருப்பதை நான் அடிக்கடி பார்த்திருக்கிறேன். பிள்ளைகள் நாயின் காதைத்தான் முதலில் பிடிப்பார்கள். குளம், குட்டை, சேற்றில் அதை இறங்க விடாதே. இறங்கிவிட்டால் குளிப்பாட்டி, நன்றாகக் காய்ந்த பிறகுதான் உள்ளே. தண்ணீர்க் கிண்ணத்தின் உள்பக்கத்தை விரலால் தேய்த்தால் வழுக்கக்கூடாது, தினமும் சோப்புப் போட்டுக் கழுவு. பச்சைக் கறி கொடுக்காதே, அதிலுள்ள கிருமி நாயின் வாய்க்கும், அங்கிருந்து பிள்ளை கைக்கும் போகும். குடற்புழு மருந்தையும் வெறிநாய்க்கடித் தடுப்பூசியையும் தேதி தவறவிடாதே. வளர்ப்பு நாயே கடித்தாலும் சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு டாக்டரிடம் ஓடு.

வீட்டுக்குள் நான் பிடிவாதமாகச் சொல்வது இரண்டு. இனியன் படுக்கிற அறைக்குள் நாய் வரக்கூடாது, அவன் தூங்கும்போதும் இல்லாதபோதும். நெபுலைசர் இருக்கிற மேசைப் பக்கம் அதன் மூக்கு எட்டக்கூடாது. அந்தக் குழாயையும் கிண்ணத்தையும் கழுவி, கிருமி நீக்கி, காற்றில் உலர வைக்கிற இடம் உயரமாக இருக்கட்டும். மற்றபடி தொட்டு விளையாடிய பின் 20 விநாடி சோப்பால் கை கழுவினால் போதும். முகத்தை நக்க விடாதே. இதற்கு மேல் அவனைப் பயமுறுத்தாதே.

ஏனென்றால், பயமுறுத்த வேண்டிய அளவுக்கு நாய் ஆபத்தானதில்லை. அவனுக்கு வருகிற சளிக் காய்ச்சல் வைரஸ்களில் பெரும்பாலானவை மனிதர்களிடமிருந்து வருகின்றன. ஒருவர் கிருமி மற்றவருக்குத் தொற்றாமல் இருக்க, அதே நோயுள்ள இரண்டு பிள்ளைகள் குறைந்தது 6 அடி தள்ளி இருக்க வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொல்கிறார்கள். நாய்க்கு அப்படி ஒரு விதி கிடையாது. தன்னைப் போலவே மருந்து குடித்து, சளி இளக முதுகில் தட்டு வாங்குகிற இன்னொரு பிள்ளையோடு அவனால் உட்கார்ந்து விளையாட முடியாது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனக்கிறது, கயல். அவன் கட்டிக்கொள்ள ஒரு ஜீவனாவது இருக்கட்டும் என்று நான் சொல்வது அதனால்தான். அதோடு, சளி இளகி வெளியே வர ஓட்டமும் நடையும் நல்லது என்று அவன் டாக்டரே சொல்லியிருக்கிறார். நாயோடு ஓடு என்றால் அவன் ஓடுவான்.

கழுவும் வேலை, மலம் அள்ளும் வேலை எல்லாம் உன் தலையில்தான் விழும் என்று தெரியும். மாப்பிள்ளையிடம் இப்போதே பேசிப் பங்கு பிரித்துக்கொள். அது முடியாத நிலைமை என்றால் ஒரு வருஷம் தள்ளிப் போடு. அரைகுறையாகச் செய்வதைவிட அது மேல்.

டாக்டரைப் பார்க்கும்போது இந்த நாலைக் கேள். இப்போது கல்ச்சரில் என்ன இருக்கிறது? நாய் முடிக்கும் பூஞ்சைக்கும் ஒவ்வாமைப் பரிசோதனை செய்யலாமா? அவன் ஸ்டீராய்டு எடுக்கிற நாட்களில் தனியாக ஏதாவது கவனிக்க வேண்டுமா? இந்த வருஷத்து ஃப்ளூ ஊசி வீட்டில் எல்லாருக்கும் எப்போது போடலாம்? வீட்டில் என்ன பிராணி இருக்கிறது என்பதை அவன் கோப்பிலேயே எழுதி வைக்கச் சொல். திடீரென்று வேறொரு டாக்டர் பார்க்க நேர்ந்தாலும் அது அவர் கண்ணில் படும்.

அவர் சரி என்றால், பார்த்து வைத்த நாயின் தடுப்பூசி அட்டையையும், காது, பல், தோல் தெரிகிற மாதிரி படங்களையும் எனக்கு அனுப்பு. நான் பார்த்துச் சொன்ன பிறகு முன்பணம் கொடுத்தால் போதும்.

அன்புடன்,
அப்பா